செஸ்ல ஜிஎம் (கிராண்ட்மாஸ்டர்) பட்டம் வந்த பிறகு என்ன? முழுநேர ஆட்டக்காரரின் பிழைப்பு பற்றி ஒரு கேள்வி

#1 அண்ணன்காரன்

வணக்கம். இத்தனை நாள் வாசிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், முதல் தடவையா இழை தொடங்குறேன். தப்பான பகுதியில போட்டிருந்தா மாத்திடுங்க.

தம்பிக்கு 20 வயசு. ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டுற எண்) 2478. ரெண்டு ஜிஎம் நார்ம் (ஒரு போட்டியில ஜிஎம் தரத்துல ஆடினதுக்கான தகுதி) கையில இருக்கு, மூணாவதுக்காக ஒன்றரை வருஷமா அலையிறான். படிப்பு கடைசி வருஷம். வீட்டுல ரெண்டு கட்சி. ஜிஎம் பட்டத்தை முடிச்சுட்டு முழுநேரமா ஆடட்டும்னு ஒரு கட்சி. பட்டம் சோறு போடாது, வேலைக்குப் போகட்டும்னு இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சின்னு எனக்கே தெரியல. நான் 1600-ஐத் தாண்டினதே இல்ல, அதனால என் பேச்சை வீட்டுல யாரும் எடுத்துக்கிறதும் இல்ல.

உலகத்தின் முதல் இருபது பேரைப் பத்திக் கேக்கல. பேர் யாருக்கும் தெரியாத ஒரு 2500, 2550 ஜிஎம் எப்படி வாழுறார்? வருஷம் முழுக்க என்ன பண்றார்? காசு எங்கிருந்து வருது? "உழைப்பு வீண்போகாது" மாதிரி பதில் வேண்டாம், அது வீட்டுலயே நிறையக் கிடைக்குது.

#2 பிளிட்ஸ்பைத்தியம்

குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன் ஆனார். ஒரே மேட்ச்ல பத்து லட்சம் டாலருக்கு மேல. 20 வயசுல 2478-ன்னா தம்பி கொஞ்சம் லேட்டுதான் அண்ணே, கோச்சுக்காதீங்க :)

#3 கணக்குப்பிள்ளை

#2, கணக்கைச் சரியாவே சொல்லிடலாம். 2024 சிங்கப்பூர் மேட்ச்சுக்கு மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். ஜெயிக்கிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 2 லட்சம், மிச்சத்தை ரெண்டு பேரும் சமமாப் பிரிச்சுக்கணும். குகேஷ் மூணு ஆட்டம், டிங் லிரன் ரெண்டு ஆட்டம். ஆக 13.5 லட்சமும் 11.5 லட்சமும். தோத்தவருக்கும் கிட்டத்தட்ட அதே பணம்தான், கவனிங்க.

ஆனா அந்த மேசைக்கு ரெண்டே நாற்காலிதான். 1950-ல உலக செஸ் அமைப்பான ஃபிடே முதன்முதலா கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தப்ப வாங்கினவங்க 27 பேர். இன்னைக்கு வரைக்கும் வாங்கினவங்க ரெண்டாயிரத்தைத் தாண்டியாச்சு. பட்டம் ஆயுசுக்கும் நிலைக்கும், பணம் நிலைக்காது. ஃபிடே யாருக்கும் மாசச் சம்பளம் தர்றதில்ல. இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசலாம்.

#4 யானை_எண்ட்கேம்

அண்ணன்காரன், நான் ஐஎம் (இன்டர்நேஷனல் மாஸ்டர், ஜிஎம்-க்கு ஒரு படி கீழ). ஒன்பது வருஷம் முழுநேரமா ஆடினேன், ஜிஎம் ஆகல, இப்ப பயிற்சியாளர். கூட ஆடினவங்க பலர் ஜிஎம் ஆனாங்க, அவங்க பிழைப்பையும் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல ஓபன் டோர்னமெண்ட், யார் வேணும்னாலும் சேரலாம். எல்லாரும் நினைக்கிறது, ஜிஎம்-னா பரிசுப் பணத்துல வாழுறார்னு. ஒன்பது ரவுண்டு ஸ்விஸ், அதாவது கிட்டத்தட்ட ஒரே புள்ளி எடுத்தவங்களை மோதவிடுற முறை. முதல் பரிசு நல்லா இருக்கும், ரெண்டாவது பரவாயில்ல, ஏழாவது எட்டாவதுக்கு வரும்போது போன செலவுகூட திரும்பாது. அந்த முதல் மூணு இடத்துக்கு இருபது ஜிஎம் உட்காந்திருப்பாங்க. ஜிஎம்-க்கு இருக்கிற ஒரே வசதி "கண்டிஷன்ஸ்": நுழைவுக் கட்டணம் இல்ல, தங்குமிடமும் சாப்பாடும் அமைப்பாளர் பாத்துக்குவார், பெரிய பேர்னா கையில கொஞ்சம் முன்பணமும் வரும். ஐஎம்-க்கு இதுல பாதி கிடைச்சா அதிர்ஷ்டம். பட்டத்தோட நேரடிப் பலன்னு சொல்லணும்னா இதுதான். வருமானம் அப்படியேதான் இருக்கும், செலவுதான் குறையும்.

இதுல யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. 2400-ஐத் தொட்டவங்களுக்கு கே-எண் (ரேட்டிங் எவ்வளவு வேகமா ஏறும் இறங்கும்னு தீர்மானிக்கிற எண்) 10. 2500 ரேட்டிங் உள்ளவர் 2300 பையனோட ஆடினா, அவர் எடுக்க வேண்டிய சராசரி 0.76 புள்ளி (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை). ஜெயிச்சா கூடுறது 2.4. டிரா ஆனா போறது 2.6. தோத்தா 7.6. அதாவது ஜெயிச்சு வர்ற லாபத்தைவிட டிராவுல வர்ற நஷ்டம் அதிகம். அந்த 2300 பையனுக்கு வயசு பதிமூணு, தினமும் எட்டு மணி நேரம் இன்ஜினோட (செஸ் ஆடுற கம்ப்யூட்டர் நிரல்) உட்காந்திருக்கான், உண்மையான பலம் 2450-ன்னு வைங்க. ஓபனோட முதல் நாலு ரவுண்டுல இந்த மாதிரி ரெண்டு மூணு பேர் கண்டிப்பா வருவாங்க. மூத்த ஜிஎம்-கள் பேரிங் லிஸ்ட் (யாரோட யார் ஆடணும்ங்கிற பட்டியல்) பாக்கும்போது எதிராளியோட பிறந்த வருஷத்தைத்தான் முதல்ல பாப்பாங்க. ரேட்டிங்கை அப்புறம்தான்.

ஒரு நாள் எப்படிப் போகும்னா: காலையில பேரிங் வந்ததும் ரெண்டு மூணு மணி நேரம் தயாரிப்பு. எதிராளி என்ன ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க மூவ் வரிசை) ஆடுறான், போன மாசம் எதுல மாட்டினான். மதியம் உட்காந்தா நாலஞ்சு மணி நேரம் ஆட்டம். ராத்திரி தூக்கம் வராது, தவறவிட்ட மூவ் கண்ணுக்குள்ளயே நிக்கும். மறுநாளும் இதே. ஒரே நாள்ல ரெண்டு ரவுண்டு வச்சா தயாரிப்புக்கும் நேரம் கிடையாது. ஒன்பது நாள் முடிச்சுட்டு அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டணும்.

அடுத்தது லீக். அதைத் தனியா எழுதுறேன், கிளாஸுக்கு நேரமாச்சு.

#5 நடுவர்மேசை

நான் ஆர்பிட்டர், போட்டி நடுவர். ஐஎம் சார் சொன்னதோட நார்ம் பக்கத்தையும் சேத்துக்கிறேன், தம்பிக்கு இப்ப உடனடித் தேவை அதுதானே.

ஜிஎம் பட்டத்துக்கு ரெண்டு தனித்தனிப் பூட்டு. ஒண்ணு, எப்பவாவது ஒரு தடவை 2500-ஐத் தொடணும். அப்புறம் இறங்கினாலும் பரவாயில்ல. இன்னொண்ணு, குறைஞ்சது 27 ஆட்டம் வர்ற மாதிரி நார்ம்கள், சாதாரணமா மூணு. நார்ம்னா அந்தப் போட்டியில 2600 தரத்துல ஆடியிருக்கணும். ஆடின எதிராளிங்கள்ல மூணுல ஒரு பங்காவது ஜிஎம்-களா இருக்கணும், பல நாட்டுக்காரங்களா இருக்கணும், எதிராளிகளோட சராசரி ரேட்டிங்குக்கும் கீழ்வரம்பு உண்டு.

இதனால ஒரு கொடுமை நடக்கும். பையன் பிரமாதமா ஆடிட்டு இருப்பான். கடைசி ரவுண்டுல ஜெயிச்சா நார்ம்னு நினைச்சுட்டு வருவான். பேரிங்ல அவனுக்கு ஒரு எஃப்எம் (ஃபிடே மாஸ்டர், ஐஎம்-க்கும் கீழ உள்ள பட்டம்) விழுந்திருப்பார். ஜிஎம் எண்ணிக்கை ஒண்ணு குறையும். ஜெயிச்சாலும் நார்ம் கிடையாது. அந்த முகத்தை நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து எத்தனையோ தடவை பாத்திருக்கேன். பேரிங்கை நான் போடல, கம்ப்யூட்டர் போட்டதுன்னு சொல்லிப் பிரயோசனம் இல்ல.

இன்னொரு கணக்கு. 2478-ல இருக்கிற தம்பி, சராசரி 2480 எதிராளிங்களோட ஒன்பதுக்கு ஆறு எடுத்தா 2600 தரம், நார்ம் வந்துடும். ஆனா ரேட்டிங் கூடுறது 15 புள்ளிதான். 2493. இன்னும் ஏழு புள்ளி வேணும். நார்ம் முடிஞ்சும் அந்த ஏழு புள்ளிக்காக வருஷக்கணக்கா சுத்தினவங்க இருக்காங்க.

#6 பிளிட்ஸ்பைத்தியம்

ஏழு புள்ளியா? நான் ஒரு ராத்திரியில ஆன்லைன்ல 200 புள்ளி இழக்குறேன் சார்.

#7 கணக்குப்பிள்ளை

#5, வழிகாட்டு நெறிகள் ஒருபக்கம் இருக்கட்டும். ஆள் பிடிச்சு நார்ம் போட்டி வைக்கிறதையும் சொல்லுங்களேன். பத்துப் பேர், எல்லாரும் எல்லாரோடயும் ஆடுற ரவுண்டு ராபின், அதுல மூணு நாலு வயசான ஜிஎம்-கள். நார்ம் தேடுறவங்க கட்டுற கட்டணத்துலதான் அவங்களுக்குச் சம்பளம். ஜிஎம்-களுக்கு அதுவும் ஒரு வருமான வழி. ஆக, பட்டம் வாங்கினவர் பட்டம் வாங்கப்போறவர் காசுல வாழுறார். சங்கிலி மாதிரி.

#8 நடுவர்மேசை

உண்மைதான், மறுக்கல. எல்லாமே மோசடியும் இல்ல. அந்த ஜிஎம்-கள்ல பலர் ஒரு புள்ளியும் சும்மா விட மாட்டாங்க, அது அவங்க மானப் பிரச்சனை. பட்டம் "ஏற்பாடு" பண்ணின கதைகளும் உண்டு. ஆதாரம் இல்லாம இங்க பேர் சொல்ல வேண்டாம்னு எல்லாரையும் கேட்டுக்கிறேன்.

#9 யானை_எண்ட்கேம்

விட்ட இடத்துலிருந்து.

லீக்தான் 2550 ஜிஎம்-ஓட முதுகெலும்பு. ஐரோப்பாவுல கிளப் லீக் பெருசு. ஜெர்மன் புண்டஸ்லீகாவை எடுத்துக்கோங்க: 16 அணி, ஒவ்வொரு மேட்ச்சுலயும் எட்டு போர்டு, வருஷத்துல 15 ரவுண்டு, எல்லாம் வார இறுதியில. கிளப் போக்குவரத்து பாத்துக்கும், ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு பேசின தொகை வரும். ஜெயிச்சாலும் தோத்தாலும் அது உறுதி. ஓபன்ல இல்லாத நிம்மதி இதுதான். ஒரே ஆள் ஜெர்மனியில ஒரு கிளப், பிரான்ஸ்ல ஒண்ணு, ஸ்பெயின்ல ஒண்ணுன்னு ஒரே வருஷத்துல ஆடலாம், தடையில்ல. இந்தத் தேதிகளை அடுக்கி வச்சுட்டு நடுவுல கிடைக்கிற இடைவெளியில ஓபன் ஆடுறதுதான் பலரோட நாட்காட்டி. கிளப்பைத் தாங்கின ஒரு புரவலர் கையை விரிச்சா மொத்த அணியும் கலைஞ்சிடும், அதுவும் நடந்துட்டே இருக்கு.

ஆனா லீக்கும் ஓபனும் சேந்தும் பத்தாது. அதனால மூணாவது வருமானம்: மத்தவங்களுக்கு வேலை செய்யுறது. பயிற்சி, வர்ணனை, வீடியோ கோர்ஸ், பெரிய ஆட்டக்காரருக்கு செகண்டா, அதாவது தயாரிப்பு உதவியாளரா, போறது. நான் பாத்தவரைக்கும் முப்பது வயசுக்கு மேல உள்ள ஜிஎம்-களுக்கு வருமானத்துல பெரும்பங்கு இங்கிருந்துதான் வருது. செஸ் ஆடிச் சம்பாதிக்கிறவங்க சிலபேர். செஸ் தெரிஞ்சதால சம்பாதிக்கிறவங்கதான் அதிகம். ரெண்டும் வேற வேற தொழில். தம்பியை முடிவெடுக்கச் சொல்றதுக்கு முன்னாடி இதுல எது பிடிக்கும்னு கேளுங்க.

என் சொந்த அனுபவத்துல ஒண்ணு. ஒரு போட்டியில மூணாவது வந்தேன். அமைப்பாளர் காசோலைன்னு ஒரு பெரிய அட்டையைக் கையில கொடுத்து போட்டோ எடுத்தார். பணம் எட்டு மாசம் கழிச்சு, நாலு தவணையா வந்தது. அட்டையை நான் ஊருக்குத் தூக்கிட்டு வந்ததுக்கு விமானத்துல தனிக் கட்டணம்.

#10 பிளிட்ஸ்பைத்தியம்

அட்டைக்குக் கட்டணம் :)))) அதையும் தவணையில கட்டியிருக்கலாமே

#11 வெள்ளைக்கட்டம்

நான் டபிள்யூஐஎம் (பெண்கள் இன்டர்நேஷனல் மாஸ்டர்). ரெண்டு வருஷமா குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்குறேன். யானை சார் சொன்ன "மூணாவது வருமானம்" பத்தி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு, எழுதிடுறேன்.

பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சதும் ரேட்டிங் இறங்கும். நேரம் போறது மட்டும் காரணம் இல்ல. நாள்ல ஆறு மணி நேரம் 1200 ரேட்டிங் பிள்ளையோட தப்பைப் பாத்துட்டு சாயங்காலம் உங்க சொந்த ஓப்பனிங் ஃபைலைத் திறந்தா மூளை அசையாது. ரேட்டிங் இறங்கினா போட்டி அழைப்பு குறையும். அழைப்பு குறைஞ்சா இன்னும் ரெண்டு மாணவர் சேத்துக்கத் தோணும். அப்படியே போயிடும். யாரும் ஒரு நாள் உட்காந்து "நான் ஆட்டத்தை விடுறேன்"னு முடிவெடுக்கிறதில்ல.

பெண்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கு. பெண்கள் போட்டிகளை மட்டும் ஆடினா வாழ்க்கை ஓரளவு ஓடும், எதிராளிகளோட ரேட்டிங் குறைவு, அதனால ஜிஎம் நார்முக்கு அது உதவாது. ஓபன்ல ஆடினா நார்ம் வரலாம், பரிசு கஷ்டம். வைஷாலி அப்படித்தான் ஓபன்கள்ல ஆடி 2023 டிசம்பர்ல ஸ்பெயின்ல 2500-ஐத் தொட்டார். மூணாவது நார்ம் அதுக்கு முன்னாடியே கத்தார்ல வந்திருந்தது. ரெண்டு பூட்டும் வேற வேற நேரத்துல திறக்கும்னு நடுவர் சார் சொன்னது இதுதான். திவ்யா தேஷ்முக் 2025-ல பெண்கள் உலகக் கோப்பையை ஜெயிச்சு, ஒரு நார்ம்கூட இல்லாம நேரா ஜிஎம் ஆனார். விதியில அப்படி ஒரு கதவும் இருக்கு, ஆனா அதுக்கு உலகக் கோப்பையை ஜெயிக்கணும்.

படிப்பா செஸ்ஸான்னு கேட்டா எனக்குச் சீனாவோட ஹோ யிஃபான்தான் நினைவுக்கு வருவார். நாலு தடவை பெண்கள் உலக சாம்பியன். நடுவுலயே பல்கலைக்கழகம், அப்புறம் ரோட்ஸ் உதவித்தொகையில ஆக்ஸ்ஃபோர்டு, 2020-ல ஷென்ஜென் பல்கலைக்கழகத்துல பேராசிரியர். உச்சத்துல இருக்கும்போதே ஆட்டத்தைக் குறைச்சுக்கிட்டார். நிறைய பேர் அதை வீணடிப்புன்னு சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணல.

#12 கணக்குப்பிள்ளை

வெள்ளைக்கட்டம் அக்கா சொன்னதுக்கு மறுபக்கமும் இருக்கு. சீனாவோட வேய் யி 15 வயசுலயே 2700-ஐத் தாண்டினவர். சிங்ஹுவா பல்கலைக்கழகத்துல படிக்கப் போனார், "அவ்வளவுதான், முடிஞ்சுது"ன்னு பேசினாங்க. 2024-ல நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ ஊர்ல நடக்கிற டாட்டா ஸ்டீல் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயிச்சார். படிப்பு செஸ்ஸைக் கொல்லாது.

#13 பழையகடிகாரம்

நான் கடிகாரத்தில் பொத்தானை அழுத்திய காலத்து ஆள். நீங்கள் எல்லாரும் ரேட்டிங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தக் காலத்துப் பெரியவர்களில் முழுநேர ஆட்டக்காரர் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். உலக சாம்பியன் யூவே கணித ஆசிரியர். போட்வின்னிக் மின்பொறியாளர். ஹூப்னர், உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்வு செய்யும் கேண்டிடேட்ஸில் இறுதி வரை வந்தவர், தொழிலால் பழங்கால பப்பிரஸ் ஏடுகளைப் படிக்கும் அறிஞர். சோவியத்தின் தைமானோவ் மேடைப் பியானோ கலைஞர். 1971இல் வான்கூவரில் ஃபிஷரிடம் 6-0 என்று தோற்றார். நாடு திரும்பியதும் அரசு ஊதியம் போயிற்று, வெளிநாட்டுப் பயணம் போயிற்று. ஒரு ஆட்டக்காரரின் பிழைப்பு ஆட்சியாளர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் கோர்ச்னாய். 1976இல் ஆம்ஸ்டர்டாமில் போட்டி முடிந்ததும் சோவியத் நாட்டுக்குத் திரும்ப மறுத்துவிட்டார். குடும்பம் அங்கேயே மாட்டிக்கொண்டது. 1978, 1981 இரண்டு தடவையும் உலகப் பட்டத்துக்கு கார்ப்போவுடன் மோதித் தோற்றார். அதற்குப் பிறகும் விடவில்லை. 2011 ஜிப்ரால்டரில், எண்பது வயதை நெருங்கும்போது, பின்னாளில் உலகப் பட்டத்துக்கே ஆடிய கருவானாவை, அப்போது அவருக்கு 18 வயது, தோற்கடித்தார். அதே ஆண்டு 80 வயதில் சுவிட்சர்லாந்து தேசிய சாம்பியன். அந்த மனிதருக்குப் பயிற்சி கொடுப்பதும் புத்தகம் எழுதுவதும் எல்லாம் இரண்டாம்பட்சம். உட்கார்ந்து ஆட வேண்டும், அவ்வளவுதான். பிழைப்பு என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

#14 கணக்குப்பிள்ளை

ஐயா, மரியாதையோட ஒரு மறுப்பு. கோர்ச்னாய் ஆயிரத்துல ஒருத்தர் இல்ல, மொத்த வரலாறுலயே ஒருத்தர். கரையேறினவங்க பேர்தான் நமக்குத் தெரியும். அவர் வயசுக்காரங்க எத்தனை பேர் நாற்பதுலயே காணாமப் போனாங்க? அவங்களைப் பத்தி யாரும் பேசுறதில்ல. அதோட அந்தக் காலத்துல இன்ஜின் கிடையாது. அனுபவத்துக்கு விலை இருந்தது. இன்னைக்கு ஒரு வரிசையை முப்பது வருஷம் ஆடிப் பழகினாலும், போன வாரம் ஒரு பையன் அதை இன்ஜின்ல பாத்துட்டு வந்திருப்பான்.

#15 பழையகடிகாரம்

அப்படியென்றால் கெல்ஃபாண்ட்? 2012இல் மாஸ்கோவில் ஆனந்தோடு உலகப் பட்டத்துக்கு ஆடும்போது அவருக்கு 43, ஆனந்துக்கு 42. பன்னிரண்டு ஆட்டமும் முடிந்து 6-6. ரேபிட் எனும் விரைவு ஆட்டங்களில்தான் ஆனந்த் வென்றார். இன்ஜின் வந்த பிறகுதானே அது நடந்தது?

#16 கணக்குப்பிள்ளை

ஒப்புக்குறேன். ஆனா அதுக்கு அப்புறம் நடந்த ஒரு உலகப் பட்ட மேட்ச்லயும் நாற்பதைத் தாண்டி புதுசா யாரும் சவால் விட வரல. 2013, 2014-ல கார்ல்சன்கிட்ட ஆடினதும் அதே ஆனந்த்தான்.

#17 யானை_எண்ட்கேம்

வயசுச் சண்டையை அப்படியே விட்டுடுங்க, ரெண்டு பேரும் சரிதான். நான் செகண்ட் வேலையைப் பத்திச் சொல்லணும்னு இருந்தேன். தம்பிக்கு இது உதவும்.

செகண்ட்னா பெரிய ஆட்டக்காரருக்குப் பின்னாடி இருந்து ஓப்பனிங் தயார் பண்றவர். அவர் ராத்திரி தூங்கும்போது இவங்க வேலை பாப்பாங்க. காலையில எழுந்ததும் ஃபைல் தயாரா இருக்கணும். தப்பான ஒரு வரி போச்சுன்னா அது உலகமே பாக்குற மேடையில வெடிக்கும். சரியா வேலை செஞ்சா யாருக்கும் உங்க பேர் தெரியாது.

இதைத் தோத்தவங்க வேலைன்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு மூணு பேரைச் சொல்றேன். காசிம்ஜானோவ் 2004-ல ஃபிடே உலக சாம்பியன் (அப்ப உலகப் பட்டம் ரெண்டா பிரிஞ்சிருந்தது). அதுக்கப்புறம் ஆனந்த் அணியில இருந்தார், பிறகு கருவானாவோட 2018 மேட்ச்சுக்கு வேலை செஞ்சார். பீட்டர் ஹெய்ன் நீல்சன் பத்து வருஷம் ஆனந்தோட, 2013-லிருந்து கார்ல்சனோட. காயெவ்ஸ்கி, ஸ்பானிஷ் ஓப்பனிங்ல பத்தாவது மூவ்ல கறுப்புச் சிப்பாயை டி-5க்குத் தள்ளுற ஒரு கேம்பிட் (சிப்பாயைப் பலிகொடுத்துத் தாக்குற வழி) 2007-லிருந்து அவர் பேர்லயே இருக்கு. ஆனந்தோட வேலை பாத்தார், 2024-ல குகேஷோட சிங்கப்பூர்ல இருந்தார். வோயித்தாஷெக்கைப் பாருங்க. ஆனந்துக்குச் செகண்டா இருந்த வருஷங்கள்ல அவர் சொந்த ஆட்டமே உயர்ந்தது. 2015 விக் ஆன் ஸீயில கார்ல்சன், கருவானா ரெண்டு பேரையும் தோற்கடிச்சார்.

லேக்கோவும் உண்டு. 2004 பிரிஸ்ஸாகோவுல கிராம்னிக்கோட உலகப் பட்ட மேட்ச்ல கடைசி ஆட்டத்துக்கு முன்னாடி 7-6 முன்னிலை. ஒரு டிரா போதும், உலக சாம்பியன். கிராம்னிக் ஜெயிச்சு 7-7 ஆக்கிட்டார், பட்டம் அவர்கிட்டயே தங்கிடுச்சு. அந்த லேக்கோ பிறகு கைமர்ங்கிற பையனை வளர்த்தெடுத்தார். நான் அவர் வர்ணனையைக் கேட்டிருக்கேன். தான் ஆடாத ஒரு ஆட்டத்துல இவ்வளவு ஆசையோட பேசுற மனுஷனை நான் வேற பாத்ததில்ல.

#18 பிளிட்ஸ்பைத்தியம்

ஸ்ட்ரீமிங்கை விட்டுட்டீங்களே. நகமுரா ஸ்ட்ரீமர்னு சொல்லிக்கிட்டே 2024 கேண்டிடேட்ஸ்ல குகேஷுக்கு அரைப் புள்ளி பின்னாடி முடிச்சார். பட்டம் உள்ளவங்க மட்டும் ஆடுற ஆன்லைன் போட்டி, டைட்டில்ட் டியூஸ்டே வேற வாராவாரம் இருக்கு.

#19 வெள்ளைக்கட்டம்

டைட்டில்ட் டியூஸ்டேயில ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான பட்டக்காரங்க ஆடுவாங்க, பரிசு மேல இருக்கிற சில பேருக்குத்தான். ஓபன்ல இருந்த அதே பிரச்சனைதான், பயணச் செலவு மட்டும் இல்ல. ஸ்ட்ரீமிங் தனித் திறமை. மூணு மணி நேரம் இடைவிடாமப் பேசணும். நான் பாத்த செஸ்காரங்கள்ல பாதிப் பேர் மூணு மணி நேரம் பேசாம இருக்கப் பிடிச்சதாலதான் இந்த ஆட்டத்துக்கே வந்தாங்க.

#20 நடுவர்மேசை

கடைசி ரவுண்டு டிரா பத்தி யாரும் எழுதல. தொழில்முறை ஆட்டக்காரர்னு பேசும்போது இது இல்லாம முடியாது.

முதல் போர்டுல ரெண்டு ஜிஎம். டிரா ஆனா ரெண்டு பேருக்கும் முதல் மூணு இடம் உறுதி. தோத்தா பன்னிரண்டாவது. பன்னிரண்டு மூவ்ல கைகொடுத்துட்டு எழுந்துடுவாங்க. பாக்க வந்தவங்க எங்களைத் திட்டுவாங்க. பல இடத்துல முப்பது மூவ், நாற்பது மூவ் வரைக்கும் டிரா பேசக்கூடாதுன்னு விதி வச்சாச்சு. 2005-லயே சோஃபியாவுல டிரா கேக்குறதுக்கே தடை போட்டாங்க. என்ன பயன்? ஒரே நிலை மூணு தடவை வர்ற மாதிரி காயை நகர்த்தி முடிச்சுக்குவாங்க, எந்த விதியும் தடுக்காது. முன்னெல்லாம் எனக்குக் கோவம் வரும். ஒரு தடவை அப்படி டிரா பண்ணின ஒருத்தர் ஸ்கோர் ஷீட்டைக் கொடுக்கும்போது "வீட்டு வாடகை சார்"னு சொல்லிட்டுப் போனார். அதுலிருந்து கோவம் வர்றதில்ல.

#21 பழையகடிகாரம்

எனக்கு இன்னும் வருகிறது.

#22 கணக்குப்பிள்ளை

ஏமாத்துறதையும் சேத்துக்கணும். இகோர்ஸ் ரௌசிஸ், ஜிஎம், 58 வயசு, ரேட்டிங் ஏறிக்கிட்டே 2700 பக்கம் வந்தார். 2019-ல ஸ்ட்ராஸ்பர்க்ல கழிவறையில போனோட பிடிபட்டார். பட்டமே பறிபோச்சு. ஒருத்தர் பண்ணினது, ஆனா அதுக்கப்புறம் வயசான காலத்துல ஒரு நல்ல போட்டி ஆடினா எல்லாரையும் சந்தேகமாப் பாக்குறாங்க. ஸ்கேனர், தாமதமான நேரலை, கழிவறை வாசல்ல ஆள். இதுவும் இந்தத் தொழிலோட சூழல்தான்.

#23 அண்ணன்காரன்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும்னு நினைக்கல. மொத்த இழையையும் தம்பிக்கு அனுப்பினேன். வழக்கமா நான் அனுப்புறதை அவன் திறக்கவே மாட்டான். இதைத் திறந்திருக்கான்.

யானை சார், நீங்க கேக்கச் சொன்னதைக் கேட்டேன். எது பிடிக்கும்னு. உடனே பதில் சொல்லல. ராத்திரி வந்து சொன்னான்: ஆடுறதுக்கு முந்தின ராத்திரிதான் தனக்குப் பிடிக்குமாம். தேடிட்டே இருக்கும்போது யாரும் பாக்காத ஒரு மூவ் கிடைக்குமே, அந்த நேரம். ஆட்டம் தொடங்கினதும் வயிறு கலங்கும்னான். எட்டு வயசுலயிருந்து கூட இருக்கேன், எனக்கு இது தெரியாது.

இது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா?

#24 யானை_எண்ட்கேம்

ரெண்டும் இல்ல, தகவல். செகண்ட் வேலைக்கு வேண்டிய புத்தி இருக்குன்னு தெரியுது. ஆனா 2478-ஐ யாரும் செகண்டா கூப்பிட மாட்டாங்க. சில பேர் ரேட்டிங் பாக்காம கூப்பிடுறது உண்டு, அது அபூர்வம். கதவைத் தட்டுறதுக்கு ஜிஎம்-ங்கிற ரெண்டெழுத்து வேணும். பயிற்சிக் கட்டணமும் அந்த ரெண்டெழுத்தால மாறும், இதை நான் வயிறு எரிஞ்சுக்கிட்டே சொல்றேன். அதனால பட்டத்தை முடிக்கட்டும். ஆனா முடிவா வச்சுக்க வேண்டாம், அனுமதிச் சீட்டா வச்சுக்கட்டும். படிப்பை நிறுத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியல, ஒரு வருஷம்தானே.

வயிறு கலங்குறது எல்லாருக்கும் உண்டு. எனக்கு இன்னைக்கும் மாணவன் ஆடும்போது கலங்குது.

#25 வெள்ளைக்கட்டம்

ஒண்ணே ஒண்ணு சேத்துக்கிறேன். எத்தனை வருஷம்னு ஒரு எல்லை வச்சுக்கச் சொல்லுங்க. ரெண்டோ மூணோ. அவனே வைக்கட்டும், வீட்டுல யாரும் வைக்க வேண்டாம். எல்லை இல்லாம அலைஞ்சதுதான் என் தப்பு. அலைஞ்சதுல தப்பில்ல.

#26 கணக்குப்பிள்ளை

முதல் தடவையா இந்த இழையில எனக்கு மறுப்பு இல்ல.

#27 பிளிட்ஸ்பைத்தியம்

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன்.

#28 அண்ணன்காரன்

மூணு வாரம் ஆச்சு, ஒரு தகவல். ரெண்டு வருஷம்னு எல்லை வச்சிருக்கான். படிப்பு தொடருது. வீட்டுல ரெண்டு கட்சியும் தாங்கதான் ஜெயிச்சோம்னு நினைக்கிறாங்க, நான் திருத்தப் போகல.

நாளைக்கு ஒரு ஓபன்ல முதல் ரவுண்டு. பேரிங் வந்தாச்சு. எதிராளி 2310. பிறந்த வருஷம் பாத்தேன். பதிமூணு வயசு.

#29 யானை_எண்ட்கேம்

அய்யோ. வெள்ளையா கறுப்பா?

#30 அண்ணன்காரன்

கறுப்பு. ராத்திரி ரெண்டு மணி ஆச்சு, அறைக் கதவுக்குக் கீழ இன்னும் வெளிச்சம் தெரியுதுன்னு கூடப் போன நண்பன் சொல்றான்.